ஓட்டுவதற்கு முன் ஊகியுங்கள்: தேடல் அல்காரிதங்களை இணையத்தில் தொட்டுப் பார்த்துக் கற்ற அனுபவம்

தேடல் அல்காரிதம் கற்க எங்கே தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் முதலில் அனுப்பும் இடம் அமித் படேலின் ரெட் பிளாப் கேம்ஸ் தளம்தான். கணினி விளையாட்டுகளில் வழி கண்டுபிடிப்பது பற்றி 1990-களிலிருந்து எழுதி வருபவர் அவர். குறுகிய வழியைத் தேடும் ஏ ஸ்டார் (A*) என்ற முறைக்கு அவர் எழுதிய அறிமுகப் பக்கத்தில் உள்ள படங்கள் தொட்டால் மாறும்: புள்ளியை இழுக்கலாம், சுவரை மாற்றலாம், தேடல் அடி அடியாக விரிவதைப் பார்க்கலாம். அந்தப் பக்கம் ஏ ஸ்டாரில் தொடங்குவதில்லை, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில், தரையில் கொட்டிய தண்ணீர் மாதிரி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் பிஎஃப்எஸ் (அகலம் முதலில் போகும் தேடல்). பிறகு சமவெளியில் ஒரு அடிக்கு 1 புள்ளி, காட்டில் 5 புள்ளி என்று செலவு வந்ததும், செலவு குறைந்த இடங்களை முதலில் பார்க்கும் டைக்ஸ்ட்ரா. அப்புறம் செலவை மறந்துவிட்டு இலக்கு இருக்கும் திசையிலேயே ஓடும் பேராசைத் தேடல். கடைசியில்தான் இந்த இரண்டையும் சேர்த்த ஏ ஸ்டார். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக நிரலில் ஒரு சில வரிகள்தான் மாறுகின்றன என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், நாலு அல்காரிதத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே இல்லை.

நான் படித்தது பி.எஸ்சி. கணிதம். லீனியர் புரோகிராமிங்கில் (கட்டுப்பாடுகளுக்குள் மிகக் குறைந்த செலவைத் தேடும் கணக்கு) சிம்ப்ளெக்ஸ் என்ற முறையின் அட்டவணையைப் பக்கம் பக்கமாகக் கையால் போட்டிருக்கிறோம், ஆனால் அது எதற்கு என்று கேட்கும் வழக்கம் வகுப்பில் இல்லை. பிறகு மென்பொருள் வேலை, அதில் சில வருடம் டெஸ்டிங், அப்புறம் கோயம்புத்தூரில் சரக்கு வண்டிகளுக்குத் தடம் வகுக்கும் மென்பொருள் எழுதும் குழுவுக்கு மாற்றினார்கள். அங்கே எல்லோரும் ஹியூரிஸ்டிக், லோக்கல் ஆப்டிமம் என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலங்களில் உட்கார்ந்து நானே கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன், எந்தத் தளம் எதற்கு உதவியது, எப்படி உட்கார்ந்தால் உதவியது என்பதோடு சேர்த்து.

எப்படி உட்கார்வது என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தளங்கள் எல்லாம் பார்க்க அழகாக இருக்கும். வண்ணக் கட்டங்கள் விரியும், கோடு ஓடும், இலக்கைத் தொடும், நமக்கும் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். பிளே பட்டனை அழுத்துவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று ஒரு வரி காகிதத்தில் எழுதுங்கள். "இந்தச் சுவரின் உள்பக்கம் போய் மாட்டிக்கொள்ளும்", "டைக்ஸ்ட்ரா ஏறத்தாழ இதைப்போல் இரண்டு மடங்கு கட்டங்களைத் தொடும்" என்று ஏதாவது. பிறகு ஓட்டுங்கள். எழுதியது நடந்தால் அடுத்ததற்குப் போகலாம், நடக்கவில்லை என்றால் அன்றைக்குப் படிக்க வேண்டிய பாடம் அதுதான். மனதுக்குள் ஊகித்தால் போதாதா என்றால் போதாது, ஓடி முடித்ததைப் பார்த்ததும் மனம் "நானும் இதைத்தானே நினைத்தேன்" என்று சொல்லிவிடும். காகிதத்தில் இருப்பது அப்படி மாறாது.

இதற்கு மிகப் பொருத்தமானது பாத்ஃபைண்டிங் ஜேஎஸ் என்ற இலவசத் திட்டத்தின் காட்சிப் பக்கம். பச்சைக் கட்டம் தொடக்கம், சிவப்புக் கட்டம் இலக்கு, நடுவில் மவுஸை இழுத்தால் சுவர். ஓட்டி முடித்ததும் கீழே பாதையின் நீளம், எடுத்த நேரம், எத்தனை செயல்கள் என்று எண்கள் வரும். அசைவைப் பார்க்காதீர்கள், அந்த எண்களைப் பாருங்கள். நான் எல்லோரையும் செய்து பார்க்கச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. ஏ ஸ்டாரைத் தேர்ந்தெடுத்து, குறுக்காகப் போவதை அனுமதித்து, ஹியூரிஸ்டிக்கை, அதாவது இலக்குக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்ற மதிப்பீட்டை, மான்ஹாட்டனில் வைத்து, சுவர்களைக் கொஞ்சம் சிக்கலாகப் போட்டு ஓட்டுங்கள். பிறகு ஹியூரிஸ்டிக்கை மட்டும், குறுக்கே போவதையும் சரியாகக் கணக்கிடும் ஆக்டைலுக்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். மான்ஹாட்டன் வேகமாக முடிக்கும், ஆனால் சில சுவர் அமைப்புகளில் அது தரும் பாதை நீளமாக இருக்கும்.

காரணம் எளிது. ஒரு கட்டம் குறுக்காகப் போனால் உண்மையான செலவு 1.414. மான்ஹாட்டன் கணக்கோ கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று 2 போடுகிறது. மீதித் தூரத்தை உள்ளதைவிட அதிகமாகச் சொல்லும் மதிப்பீட்டை வைத்துக்கொண்டால், ஏ ஸ்டார் மிகக் குறுகிய பாதையைத்தான் தரும் என்ற உத்தரவாதம் போய்விடுகிறது. 1968-ல் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் ஷேக்கி ரோபோவுக்காக ஏ ஸ்டாரை எழுதியபோது நிரூபித்ததின் சாரமே இதுதான்: மதிப்பீடு ஒருபோதும் கூடுதலாகச் சொல்லாமல் இருந்தால் விடை சரியாக இருக்கும். பாடப்புத்தகத்தில் இது ஒரு தேற்றமாக வரும், படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவோம். இங்கே அதே தேற்றத்தை நாமே ஒரு டிராப் டவுனை மாற்றி உடைக்கிறோம், நீள எண் கூடுவதைப் பார்க்கிறோம்.

என் அக்கா மகள் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தபோது அவளுக்கு இதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, "சித்தி, அப்படின்னா இந்த ஹியூரிஸ்டிக்கை எல்லா இடத்துலயும் பூஜ்ஜியம்னு வச்சா எப்பவுமே சரியான விடை வந்துடுமே, எதுக்கு இவ்வளவு கஷ்டப்படணும்?" என்று கேட்டாள். வரும்தான். ஆனால் அப்போது அது வெறும் டைக்ஸ்ட்ரா, எல்லாப் பக்கமும் தேடிக்கொண்டிருக்கும். சரியான விடைக்காக எவ்வளவு தேடத் தயார் என்பதுதான் இந்தத் துறையில் ஓயாமல் நடக்கும் பேரம். அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து தானாக வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் ஸ்லைடு போட்டு நடத்தும் வகுப்பில் அந்தக் கேள்வி எழுவதற்கு இடமே இருப்பதில்லை.

பார்ப்பதிலிருந்து எழுதுவதற்கு மாற வேண்டிய நேரம் சீக்கிரமே வந்துவிடும். அதற்கு நான் சொல்வது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் செயற்கை நுண்ணறிவு அறிமுகப் பாடத்துக்காக உருவாக்கிய பேக்மேன் புராஜெக்டுகள். கோப்புகளை இறக்கி உங்கள் கணினியிலேயே பைத்தானில் ஓட்டலாம். பேக்மேன், சுவர்கள், புள்ளிகள் எல்லாம் தயாராக இருக்கும். தேடும் பகுதி மட்டும் காலியாக விட்டிருக்கும், அதை நாம் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் தானாக மதிப்பெண் போடும் நிரலும் உள்ளேயே இருக்கிறது.

அதில் நடுத்தரப் புதிர்ப்பாதை ஒன்று உண்டு. ஆழம் முதலில் போகும் டிஎஃப்எஸ் அதில் கண்டுபிடிக்கும் பாதையின் நீளம் 130 வரவேண்டும், பக்கத்துக் கட்டங்களை அடுக்கில் போடும் வரிசையைத் தலைகீழாக்கினால் 246 வரலாம் என்று பாடக்குறிப்பே சொல்லிவிடுகிறது. அதே இடத்தில் பிஎஃப்எஸ் தரும் நீளம் 68. அல்காரிதமும் ஒன்றுதான், புதிரும் ஒன்றுதான், அடுக்கும் வரிசை மாறியதற்கே 130 எங்கே, 246 எங்கே. டிஎஃப்எஸ் தரும் பாதையை ஏன் நம்ப முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. பெரிய புதிர்ப்பாதையில் சீரான செலவுத் தேடல் (டைக்ஸ்ட்ரா மாதிரியானதுதான்) 620 நோடுகளை, அதாவது தேடிப் பார்க்கும் நிலைகளை, விரிக்கிறது, மான்ஹாட்டனோடு ஏ ஸ்டார் சுமார் 549. இவ்வளவுதானா வித்தியாசம் என்று தோன்றும். அங்கேயும் நின்று யோசிக்க வேண்டும்: குறுகலான சந்துகளே நிறைந்த இடத்தில் சுவர்களைப் பார்க்காமல் போடும் தூரம் பெரிதாக எதையும் சொல்லாது, திறந்த வெளியில்தான் அதன் பலன் தெரியும்.

எனக்கு மிக அதிக நேரம் எடுத்ததும், மிக அதிகமாகக் கற்றுக்கொடுத்ததும் எல்லா உணவுப் புள்ளிகளையும் தின்று முடிக்கும் கேள்வி. அதற்கு நாமே ஒரு ஹியூரிஸ்டிக் கண்டுபிடிக்க வேண்டும். எதுவும் இல்லாமல் தேடினால் 16,000-க்கும் மேல் நோடுகள் விரியும். 9,000-க்குள் கொண்டுவந்தால் முழு மதிப்பெண், 7,000-க்குள் வந்தால் அதற்கும் மேலே கூடுதல் மதிப்பெண். நோட்டுப் புத்தகத்தில் எத்தனையோ யோசனைகள் எழுதி, ஒவ்வொன்றும் கூடுதலாகச் சொல்லிவிடுகிறதா என்று சின்னச் சின்னப் படம் போட்டுச் சரிபார்த்து, கடைசியில் 7,000-க்குக் கீழே போனபோது இரவு வெகுநேரம் ஆகியிருந்தது, தூக்கம்தான் வரவில்லை. எப்படி என்று இங்கே சொல்லப் போவதில்லை, விடைகளைப் பொதுவில் போட வேண்டாம் என்று அந்தப் பாடத்தை நடத்துகிறவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு வழிகாட்டல் மட்டும் சொல்லலாம். பிரச்சினையில் உள்ள ஏதாவது ஒரு தடையை எடுத்துவிட்டு, அந்த எளிய பிரச்சினைக்குச் சரியான விடை என்ன என்று கேளுங்கள். சுவர்களை எடுத்துவிட்டால் கிடைப்பதுதான் மான்ஹாட்டன் தூரம். எல்லாச் சுவரையும் எடுக்க வேண்டுமா, அல்லது வேறு எதையாவது எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டே போனால் வந்துவிடும். எங்கள் தடம் வகுக்கும் வேலையிலும் பாதி நாள் இதைத்தான் செய்கிறோம்: வண்டியின் கொள்ளளவை மறந்துவிட்டால் என்ன வரும், நேர வரம்பை மறந்துவிட்டால் என்ன வரும்.

பாதை தேடுவதை விட்டு ஆப்டிமைசேஷன் (இருப்பதில் மிகச் சிறந்த விடையைத் தேடுவது) பக்கம் வந்தால் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது பயண விற்பனையாளர் பிரச்சினை. ஊர்களை ஒருமுறை சுற்றி வீடு திரும்ப மிகக் குறுகிய வழி எது? 1962-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 33 ஊர்களைக் கொடுத்து 10,000 டாலர் பரிசு அறிவித்தது. 33 ஊர் என்றால் சுற்றுகளின் எண்ணிக்கை 36 இலக்க எண். ஆனாலும் சரியான விடையை நிரூபித்துக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கான்கார்ட் என்ற நிரல் 2006-ல் 85,900 புள்ளிகள் கொண்ட ஒரு கணக்கைத் தீர்த்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான வில்லியம் குக், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத் தளத்தில் இதன் வரலாறு, படங்கள், பிரிட்டனின் 49,687 மதுக்கூடங்களைச் சுற்றும் மிகக் குறுகிய வழி எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். அதே கான்கார்டை ஐஃபோனில் ஓட்டும் செயலியும் வெளியானது.

இணையத்தில் இதற்கான விளையாட்டுப் பக்கங்கள் ஏராளம், புள்ளிகளைத் தூவிவிட்டு அல்காரிதத்தைத் தேர்ந்தெடுத்தால் கோடு மாறிக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, முதலில் மிக அருகிலுள்ள ஊருக்குப் போகும் முறையை ஓட்டுங்கள். தொடக்கத்தில் அழகாகப் போகும், கடைசியில் விட்டுப்போன ஊர்களைப் பொறுக்கிக்கொண்டு வர நீண்ட கோடுகள் குறுக்கே போகும். அப்புறம் 2-ஆப்ட். இரண்டு கோடுகளை வெட்டி மாற்றி இணைத்தால் நீளம் குறைகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் அது. சமதளத்தில் நேர்த்தூரம் என்றால், வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளை அவிழ்த்தால் நீளம் கட்டாயம் குறையும், முக்கோண விதியை வைத்து நீங்களே நிரூபிக்கலாம். ஆனால் ஒரு வெட்டுகூட இல்லாத சுற்றும் மிகச் சிறந்ததாக இல்லாமல் இருக்கலாம். 2-ஆப்ட் நின்றுவிடும், குறைக்க இன்னும் இடம் இருக்கும். லோக்கல் ஆப்டிமம் என்றால் என்ன என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

அங்கிருந்து வெளியே வர ஒரு வழி சிமுலேட்டட் அனீலிங். 1983-ல் கிர்க்பாட்ரிக், கெலாட், வெச்சி மூவரும் உலோகத்தை மெதுவாக ஆறவிடும் இயற்பியலிலிருந்து எடுத்து எழுதியது. நிலைமையை மோசமாக்கும் மாற்றத்தையும் சில நேரம் ஏற்றுக்கொள்ளும், எவ்வளவு அடிக்கடி என்பதை வெப்பநிலை தீர்மானிக்கும். இதைக் கால்குலேட்டரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்: கூடும் நீளத்தை வெப்பநிலையால் வகுத்து, அதை மைனஸ் குறியோடு e-யின் அடுக்காகப் போட்டால் ஏற்கும் வாய்ப்பு வரும். சுற்றின் நீளத்தை 10 அலகு கூட்டும் மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை 100 என்றால் அதை ஏற்கும் வாய்ப்பு 90 சதவீதம், 10 என்றால் 37 சதவீதம், 1 என்றால் லட்சத்துக்கு நாலைந்து. இந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால் திரையில் கோடுகள் முதலில் தாறுமாறாகத் துள்ளுவதும், நடுவில் ஒரு உருவம் வருவதும், கடைசியில் அசையாமல் நிற்பதும் ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வெப்பநிலையை மிக வேகமாகக் குறைத்தால் என்ன ஆகும் என்று எழுதிவிட்டு ஓட்டுங்கள்.

மரபணு அல்காரிதத்துக்கு எச்டிஎம்எல்5 ஜெனடிக் கார்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. தாறுமாறான வடிவத்தில் வண்டிகள் பிறந்து, மேடு பள்ளத்தில் உருண்டு, தூரம் போனவை அடுத்த தலைமுறைக்குப் போகும். குழந்தைகளுக்கும் பிடிக்கும். மியூட்டேஷனை (தற்செயலாக நடக்கும் மாற்றம்) பூஜ்ஜியமாக்கிக் கொஞ்ச நேரம் விட்டால் எல்லா வண்டியும் ஒரே சாயலில் வந்துவிடும். மிக அதிகமாக்கினால் நல்ல வண்டி பிறந்தாலும் அதன் குணம் தங்காது. இவ்வளவுதான் இதிலிருந்து எடுக்க வேண்டியது, மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றும், ஆனால் அதற்குமேல் புதிதாக எதுவும் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம்.

சாய்வைப் பின்பற்றி இறங்கும் கிரேடியன்ட் டிசென்ட்டுக்கு வேறு மாதிரி ஒரு பக்கம் வேண்டும். டிஸ்டில் என்ற இணைய இதழில் 2017-ல் கேப்ரியல் கோ எழுதிய மொமெண்டம் பற்றிய கட்டுரையைத் திறந்தவுடன் மேலே இரண்டு ஸ்லைடர்கள் இருக்கும், ஒன்று அடியின் அளவு, இன்னொன்று மொமெண்டம் (முந்தைய அடிகளின் வேகத்தைக் கொஞ்சம் தொடர்ந்து வைத்துக்கொள்வது). அதைத் தொடுவதற்கு முன்னால் காகிதத்தில் எக்ஸ் ஸ்கொயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சாய்வு 2 எக்ஸ், அதை அடியின் அளவால் பெருக்கி எக்ஸிலிருந்து கழிப்பதுதான் ஒரு அடி. அடியின் அளவு 0.5 என்றால் ஒரே தாவலில் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். 1 என்றால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிக் குதித்துக்கொண்டே இருக்கும், ஒருபோதும் நெருங்காது. 1.1 என்றால் விலகி விலகி ஓடிவிடும். இந்த மூன்றையும் கையால் போட்ட பிறகு ஸ்லைடரை நகர்த்தினால், அது எந்த இடத்தில் வெடிக்கும் என்பதை முன்கூட்டியே உணர முடியும். ஒரு திசையில் செங்குத்தாகவும் இன்னொரு திசையில் தட்டையாகவும் இருக்கும் பள்ளத்தில் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது, மொமெண்டம் அதை எப்படிச் சரிசெய்கிறது என்பதெல்லாம் அந்தக் கட்டுரையில் பிறகு வரும். பின்பாதியில் கணிதம் கனமாகிவிடும், விட்டுவிட்டு இன்னொரு நாள் வரலாம். அதற்கு அடுத்து டென்சர்ஃப்ளோ பிளேகிரவுண்ட் என்ற பக்கத்தில் லேர்னிங் ரேட்டை (அங்கே அடியின் அளவுக்குப் பெயர் அதுதான்) 0.03-லிருந்து 10-க்கு ஏற்றிப் பாருங்கள், அதே வெடிப்பு ஒரு நியூரல் நெட்வொர்க்கில் எப்படி இருக்கும் என்று தெரியும்.

கல்லூரியில் கையால் போட்ட லீனியர் புரோகிராமிங்குக்கு உயிர் வந்தது ஸ்டிக்லரின் உணவுக் கணக்கில். 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகள், ஒரு மனிதனுக்கு வேண்டிய சத்தை மிகக் குறைந்த செலவில் எப்படித் தருவது? 1945-ல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் தன் அனுமானத்தால் வருடத்துக்கு 39.93 டாலர் என்று ஒரு விடை சொன்னார், 1939 விலைகளில். 1947-ல் டான்ட்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறையை வைத்து ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கால்குலேட்டர்களோடு உட்கார்ந்து, சுமார் 120 ஆள்நாள் வேலையில் 39.69 டாலர் என்ற விடையை எட்டினார்கள். அவருடைய ஊகம் 24 சென்ட்தான் தள்ளி இருந்தது! இதே கணக்கு, இந்த மாதிரிக் கணக்குகளைத் தீர்க்கும் கூகுளின் ஓஆர்-டூல்ஸ் நிரல் தொகுப்பின் ஆவணங்களில் பைத்தான் எடுத்துக்காட்டாக இருக்கிறது, பிரவுசரிலேயே பைத்தான் ஓட்டும் கோலாபில் ஒட்டி ஓட்டினால் கண் சிமிட்டும் நேரத்தில் விடை வந்துவிடும்.

அதோடு நிறுத்தாமல் அந்தப் பட்டியலை அழித்துவிட்டு நம் வீட்டு மளிகையைப் போட்டுப் பாருங்கள். நானும் அக்கா மகளும் அரிசி, துவரம்பருப்பு, நிலக்கடலை, முருங்கைக்கீரை, பால், முட்டை என்று விலையும் சத்தும் போட்டு ஓட்டினோம். விடையில் வந்த உணவு யாரும் சாப்பிடக்கூடியதாக இல்லை, இரண்டு மூன்று பொருள்களே மலைபோல் வந்து நின்றன. "சித்தி, ஒரு நாளைக்கு இவ்வளவு கடலைய யார் திம்பா?" என்று அவளே ஒரு உச்சவரம்பு சேர்த்தாள், பிறகு இன்னொன்று. செலவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒரு கட்டுப்பாட்டை ஒரு அலகு தளர்த்தினால் செலவு எவ்வளவு குறையும் என்பதைத்தான் பாடத்தில் நிழல் விலை என்று படித்தோம். இங்கே அது ரூபாய்க் கணக்கில் எதிரே நின்றது.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு முழுப் பாடம் எடுக்கலாம், அதற்கு முன் வேண்டாம். தேடல் முறைகளுக்கு ஐஐடி மெட்ராஸில் தீபக் கெமானி நடத்திய என்பிடெல் விரிவுரைகள் நிதானமானவை. விரிவுரையைப் பாதியில் நிறுத்திவிட்டு பாத்ஃபைண்டிங் பக்கத்தில் சோதித்துப் பார்த்துத் திரும்பலாம். ஆப்டிமைசேஷனுக்கு மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் பெயரில் கோர்செராவில் பாஸ்கல் வான் ஹென்டன்ரிக் நடத்திய டிஸ்கிரீட் ஆப்டிமைசேஷன் பாடம். அதில் கேள்விக்கு ஒரே விடை என்று கிடையாது. நம் விடை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைப் பொறுத்து மதிப்பெண்: சுமாரான விடைக்கு 3, நல்ல விடைக்கு 7, மிக நல்ல விடைக்கு 10. எந்த மொழியில், எந்த முறையில் எழுதினாலும் சரி. மூட்டைக் கணக்கு, வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது, பயண விற்பனையாளர், கிடங்கு அமைப்பது, வண்டித் தடம் என்று போகும். 3 சீக்கிரம் வரும். 7-லிருந்து 10-க்குப் போவதில்தான் 2-ஆப்டும் அனீலிங்கும் உண்மையிலேயே கைக்கு வருகின்றன, அதுவரை விளையாட்டுப் பக்கங்களில் எழுதிய ஊகங்கள் எல்லாம் அப்போது வேலை செய்யும்.

செல்போனில் இவற்றைச் செய்ய முயலாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டங்களை இழுக்கும்போது பக்கமே நகர்ந்துவிடும், எண்களும் தெரியாது. லேப்டாப் இல்லாத மாணவர்கள் கல்லூரி லேபில் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் போதும், பாத்ஃபைண்டிங் சோதனையையும் உணவுக் கணக்கையும் அந்த நேரத்துக்குள் முடித்துவிடலாம், கோலாபுக்கு ஒரு கூகுள் கணக்கும் பிரவுசரும் இருந்தால் சரி. பேக்மேனுக்கு மட்டும் பைத்தான் போட்டிருக்கிறார்களா என்று லேப் பொறுப்பாளரிடம் முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.